அட்டையில் இல்லாத வசனம்

அன்புள்ள அக்கா,

ரங்கூனில் தாக்கேட்டாவில் இருக்கிறேன். வயது 29. பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அப்பா இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, இப்போது கண்ணும் மங்கிவிட்டது. சிங்கப்பூரில் வீட்டு வேலைக்கு ஒரு ஏஜென்ட் ஆள் எடுக்கிறார். முன்பணம் கட்ட வேண்டும். டூரிஸ்ட்டாகப் போய் அங்கே பெர்மிட்டுக்கு மாறிக்கொள்ளலாம், இமிக்ரேஷனில் “சொந்தக்காரரைப் பார்க்க வந்தேன்” என்று சொன்னால் போதும் என்கிறார். ஜெபித்துவிட்டு, பைபிள் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை ஒன்று எடுத்தேன். “உன் தேசத்தையும், உன் இனத்தையும், உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டு” என்று வந்தது. மனசு நிற்காமல் மறுநாளும் எடுத்தேன். “கர்த்தருக்குக் காத்திரு” என்று வந்தது. எது தேவசித்தம்? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

தாக்கேட்டா வாசகி

அன்புள்ள தங்கச்சி,

எங்கள் வீட்டில் அந்த அட்டைகள் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கும். புது வருஷ ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா டின்னை நீட்டுவார். ஆளுக்கு ஒன்று எடுப்போம். விளிம்பு மடங்கி, எண்ணெய்க் கை பட்டுப் பழுத்துப்போன அட்டைகள். அதில் வரும் வசனம் வருஷம் முழுக்கத் துணையாக இருக்கும். அதனால் உங்கள் கையில் வந்த அட்டையை நான் லேசாக நினைக்கவில்லை. ஆனால் அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம். உங்களுக்கு வந்தது ஆதியாகமம் 12ஆம் அதிகாரத்தின் முதல் வசனம், கர்த்தர் ஆபிராமிடம் சொன்னது. அந்த அதிகாரத்தை முடிவுவரை வாசித்தீர்களா?

ஆபிராம் புறப்படும்போது அவனுக்கு 75 வயது. மனைவி சாராயையும் சகோதரன் மகன் லோத்தையும் சேர்த்த சம்பத்தையும் கூட்டிக்கொண்டு, எல்லோரும் அறியத்தான் போகிறான். பத்தாம் வசனத்தில் பஞ்சம் வருகிறது, எகிப்துக்குப் போகிறான். அங்கே பயம் பிடிக்கிறது. “என் சகோதரி என்று சொல்” என்று சாராயிடம் சொல்லிவைக்கிறான். சொல்லச் சொன்னது ஆபிராம்; பார்வோனின் அரண்மனைக்குள் கொண்டுபோகப்பட்டது சாராய். உங்கள் கடிதத்தில் இமிக்ரேஷன் வரியைப் படித்ததும் எனக்கு அவள்தான் நினைவுக்கு வந்தாள். ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த பொய்யோடு கவுண்டர் முன்னால் நிற்கப்போவது நீங்கள். பிடிபட்டால் திரும்பி வருவதும் நீங்கள்தான்.

வெளிநாட்டு வேலைக்குப் போவது தப்பே இல்லை. நம் ஜனங்களே ஒரு காலத்தில் பிழைக்கக் கப்பலேறி ரங்கூனுக்கு வந்தவர்கள்தானே. ஆனால் கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவர் நம் ஆண்டவர். நீங்களும் ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போகிறவருக்கு, அந்த நாட்டுக்குள் நுழையும் முன்பே அங்குள்ள மனிதவள அமைச்சின் முன்னொப்புதல் கடிதம் வந்திருக்க வேண்டும். அந்த ஊர் ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் சட்டத்தில் வரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், கூடிப்போனால் இரண்டு மாதச் சம்பளம். கடிதத்தைக் காட்டுங்கள் என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள். கேட்டதும் அவர் முகம் மாறினால், அதுவும் உங்கள் ஜெபத்துக்கு வந்த பதில்தான். யாக்கோபு நிருபத்தில், ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன், அவர் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் என்று இருக்கிறது. பயப்படாமல் கேளுங்கள், விசாரித்துக்கொண்டே கேளுங்கள். அங்கே வேலை பார்த்துத் திரும்பியவர்கள் உங்கள் சபையிலேயே இருப்பார்கள். போதகரிடம் போவதற்கு முன்னால் அந்த அக்காமார்களிடம் போங்கள்.

வழி திறந்தால் அது தேவசித்தம்தான் என்று நம்மில் பலர் சொல்வோம். நம் ஊருக்கு வந்த மிஷனரி ஜட்சன் ஐயாவைப் பாருங்கள். 1812 பிப்ரவரியில் அமெரிக்காவில் கப்பலேறினார். ஞானஸ்நானத்தைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து கடலிலேயே மாறத் தொடங்கியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அனுப்பிய சங்கத்தின் பணம் தொடர்ந்து வந்திருக்கும். அவரோ கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து, சங்கத்துக்கு அதை எழுதி விலகிக்கொண்டார். கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே இருக்க விடவில்லை. மொரிஷியஸ் போனார், மதராஸ் வந்தார், கடைசியில் கிடைத்த கப்பலில் 1813 ஜூலை 13 அன்று ரங்கூனில் இறங்கினார். முதல் ஆள் விசுவாசத்துக்கு வர இன்னும் ஆறு வருஷம் ஆனது. வழி அடைபட்ட இடங்களிலெல்லாம் அவர் கையில் மிஞ்சியிருந்தது அந்த நேர்மைதான்.

அதனால்தான் உங்கள் கடிதத்தின் கடைசி வரியை என்னால் தாண்ட முடியவில்லை.

நான் 27 வயதில் மாண்டலேயில் ஒரு வேலையை ஒப்புக்கொண்டுவிட்டு, அப்பாவிடம் முந்தின நாள் ராத்திரிதான் சொன்னேன். தடுத்துவிடுவாரோ என்ற பயம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் ஸ்டேஷன்வரை வந்து, டிரங்குப் பெட்டியை ஏற்றிக் கயிற்றால் கட்டிவிட்டு, “ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா பூட்டு வாங்கியிருப்பேனேம்மா” என்றார். அந்தக் கயிற்று முடிச்சு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உங்கள் அம்மாவுக்குக் கண்தான் மங்கியிருக்கிறது. நீங்கள் ராத்திரியில் தூங்காமல் புரள்வது அவருக்குக் கேட்காமலா இருக்கும்? நீங்கள் போனால் அவருக்கு மருந்து எடுத்துக்கொடுப்பது யார், கண் டாக்டரிடம் கூட்டிப்போவது யார் என்ற கேள்விகளுக்கு அவரிடமே பதில் இருக்கலாம். “போகாதே” என்று அழவும் செய்யலாம். அழட்டும், கூட இருங்கள்.

அதுவரை முன்பணம் கட்டாதீர்கள். இந்த ஏஜென்ட் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சரியான வழியில் சிங்கப்பூர் போவதானால் நானும் சேர்ந்து ஜெபிக்கிறேன். அம்மாவிடம் பேசிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா