கப்பலிலிருந்து இறக்கிவிட்டால் காசு திரும்புமா?

கேள்வி: லட்சக்கணக்கில் கட்டி சொகுசுக் கப்பலில் போகிறவர்களை, ஏதோ தகராறு என்று நடுவழித் துறைமுகத்தில் இறக்கிவிடுகிறார்களாம். பணமும் வாபஸ் இல்லையாம். கோர்ட், கேஸ் எதுவும் இல்லாமல் இப்படிச் செய்ய கேப்டனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?
வாசகர், காரைக்குடி

பதில்: நீங்கள்தான். டிக்கெட் எடுக்கும்போது ‘விதிமுறைகளை ஏற்கிறேன்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தீர்களே, அப்போது கொடுத்தீர்கள். பெரிய கம்பெனிகளின் பயண ஒப்பந்தத்தில் இந்த ஷரத்து ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஒருவருடைய நடத்தை பிறருக்கு ஆபத்து அல்லது தொல்லை என்று கேப்டன் கருதினால் கேபினில் அடைக்கலாம், எந்தத் துறைமுகத்திலும் இறக்கலாம். மிச்ச நாட்களுக்குப் பணம் கிடையாது, ஊர் திரும்பும் செலவு பயணியுடையது. ‘நிரூபிக்கப்பட்டால்’ என்று எழுதியிருக்காது. ‘கருதினால்’ போதும்.

‘யார் சார் அதையெல்லாம் படிக்கிறார்கள்’ என்று கோர்ட்டில் சொல்லவும் வழியில்லை. மெக்ஸிகோவுக்கு அருகே ‘கார்னிவல்’ என்ற கம்பெனியின் கப்பலில் வழுக்கி விழுந்த ஒரு பயணி, தன் சொந்த மாநிலமான வாஷிங்டனில் நஷ்டஈடு வழக்குப் போட்டார். வழக்கென்றால் ஃப்ளோரிடாவில்தான் என்று டிக்கெட்டில் பொடி எழுத்தில் இருந்தது. அது செல்லும் என்று 1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. காரைக்குடியிலிருந்து ஃப்ளோரிடாவின் மியாமிக்குப் போய் வக்கீல் வைக்கிற செலவை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்காக, உரக்கப் பேசியதற்கெல்லாம் இறக்கிவிடுவதில்லை. வாய்ச்சண்டைக்குப் பெரும்பாலும் எச்சரிக்கைதான். கேபினிலோ பால்கனியிலோ சிகரெட் பிடித்தால் கார்னிவல் கப்பல்களில் 500 டாலர் உங்கள் கணக்கில் ஏறும். கைகலப்பு, போதைப்பொருள், ஊழியர் மேல் கை வைப்பது, பால்கனிக் கம்பியில் ஏறுவது ஆகியவைதான் நேராக இறக்கிவிடுகிற விஷயங்கள். கம்பியில் ஏறுவதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்? 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) வேகத்தில் போகிற கப்பல் ஒரே நிமிடத்தில் 600 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். விழுந்ததை யாராவது பார்த்து, தகவல் மேலே போய், கப்பலைத் திருப்பி, படகை இறக்குவதற்குள் விழுந்தவர் தலை அலைக்குள் புள்ளியாகக்கூடத் தெரியாது. 2019 அக்டோபரில் ராயல் கரீபியன் கம்பெனியின் ‘அல்யூர் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் படம் எடுக்க ஒரு பெண் பால்கனிக் கம்பி மேல் ஏறி நின்றார். ஜமைக்காவின் ஃபால்மவுத்தில் இறக்கிவிட்டார்கள். அந்தக் கம்பெனிக் கப்பலில் அவர் ஆயுளுக்கும் ஏற முடியாது.

கூட்டமாகவும் இறக்கியிருக்கிறார்கள். 2018 பிப்ரவரியில் மெல்போர்னிலிருந்து 10 நாள் பயணம் போன ‘கார்னிவல் லெஜண்ட்’ கப்பலில் அடிதடி முற்றியது. வழியில் இல்லாத ஈடன் துறைமுகத்துக்குக் கப்பலைத் திருப்பினார்கள். ஆஸ்திரேலிய போலீஸ் வந்தது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 23 பேர் இறங்கினார்கள்.

நடைமுறை இதுதான். காவலர்கள் வாக்குமூலம் வாங்குவார்கள். கேமராப் பதிவையும், கதவுச் சாவி அட்டை எப்போது எங்கே பயன்பட்டது என்பதையும் பார்ப்பார்கள். பாதுகாப்புத் தலைவரும் ஹோட்டல் பிரிவுத் தலைவரும் அறிக்கை வைக்க, கேப்டன் முடிவெடுப்பார். வாசலில் ஆள் நிற்க, அடுத்த துறைமுகம் வரை கேபினில் இருக்க வேண்டியதுதான். கப்பல் கரை தொட்டதும் போர்ட் ஏஜென்ட், அதாவது அந்தத் துறைமுகத்தில் கப்பல் கம்பெனியின் பிரதிநிதி, வருவார். பெட்டியும் பாஸ்போர்ட்டும் கைக்கு வரும். அதுவரை குடித்ததற்கும் உடைத்ததற்கும் கார்டில் பணம் எடுத்திருப்பார்கள். இறக்கப்படுவது 18 வயதுக்குக் கீழே உள்ள பையன் என்றால் அப்பாவோ அம்மாவோ கூட இறங்கியாக வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான். பல துறைமுகங்களில் உங்களைக் காலையில் உள்ளே விடுவது, மாலையில் கப்பலுக்குத் திரும்பிவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில்தான். கப்பலே வேண்டாம் என்றால் அந்த அனுமதி என்ன ஆகும்? விசா இல்லாவிட்டால் அந்த நாடு இறங்க விடாது. பயணம் முடிகிற வரை கேபின்தான் ஜெயில். விசா இருந்தால், கடைசி நேர விமான டிக்கெட்டுக்கு என்ன விலையோ அதைக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் இன்னொரு கூத்து: 1886-ல் போட்ட சட்டம் ஒன்று, வெளிநாட்டுக் கொடி பறக்கிற கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் விட்டுச் செல்வதைத் தடுக்கிறது. மியாமியில் ஏறியவரை அதே ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட் துறைமுகத்தில் இறக்கினால் கப்பலுக்கு அபராதம் வரலாம். ஒப்பந்தப்படி அதுவும் உங்கள் தலையில்தான் விடியும். இன்ஷூரன்ஸை நம்பாதீர்கள். குடிபோதையில் நேர்ந்தது என்று தெரிந்தால் பெரும்பாலான பாலிசிகள் கைவிரித்துவிடும்.

கம்பெனிகளும் யோக்கியம் இல்லை. 24 மணி நேரத்துக்கு 15 மது கிளாஸ் வரை என்று கார்னிவலே பேக்கேஜ் விற்கிறது. பதினான்காவது கிளாஸை ஊற்றிக் கொடுத்துவிட்டு ‘ஒழுக்கமாக இருங்கள்’ என்றால் எப்படி?

நீங்கள் தப்பு செய்யவில்லை, ஆனாலும் பெயர் அடிபட்டுவிட்டது என்றால்: சம்மதமில்லாத வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சம்பவ அறிக்கையின் நகலையும், கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் அன்றே எழுத்தில் கேளுங்கள். பதிவுகள் நெடுநாள் தங்காது. பக்கத்து மேஜைக்காரரின் ஈமெயிலை வாங்கி வையுங்கள். இறக்குமிடத்தில் நம் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

பணம் வாபஸ் ஆன கதையும் உண்டு. 2018 செப்டம்பரில் சிட்னியிலிருந்து 3 நாள் பயணம் போன ‘வாயேஜர் ஆஃப் தி சீஸ்’ கப்பலில், ஓர் இந்தியக் குட்கா கம்பெனியின் ஆட்கள் சுமார் 1,300 பேர் ஏறியிருந்தார்கள். நீச்சல் குளத்தையும் பாரையும் அவர்கள் பிடித்துக்கொண்டதாகவும், பெண்களைப் படம் எடுத்ததாகவும் சக பயணிகள் புகார் செய்தார்கள். கப்பல் கம்பெனி முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது, புகார் செய்தவர்களுக்கு.