குண்டுமல்லி பூக்க என்ன செய்யலாம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒன்றையேதான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன: செடி பச்சைப்பசேல் என்று இருக்கிறது, பூவை மட்டும் காணோம். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா, மொட்டை மாடியில் தொட்டியில் குண்டுமல்லி இருக்கிறது. ஆளுயரம் வளர்ந்துவிட்டது. மாதாமாதம் யூரியா போடுகிறேன். நாலைந்து பூவுக்கு மேல் பார்த்ததில்லை. (திருச்சி)

யூரியாவை இன்றோடு நிறுத்துங்கள். அதில் இருப்பது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அது கூடினால் செடி இலையும் கொடியுமாக ஓடும், மொட்டு வைக்காது. வயலில் வளரும் குண்டுமல்லிக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவைப் பாருங்கள்: ஒரு செடிக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) 120 கிராம் வீதம். தழைச்சத்து மற்றதில் பாதிதான். தொட்டிக்கு இவ்வளவெல்லாம் வேண்டாம். மக்கிய தொழு உரம் இரண்டு கைப்பிடி, வேப்பம்புண்ணாக்கு ஒரு கைப்பிடி, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போதும்.

அடுத்தது வெயில். "நாள் முழுக்க நல்ல வெளிச்சம்" என்பார்கள். வெளிச்சம் வேறு, வெயில் வேறு. இலை மேல் நேராக ஆறு மணி நேரமாவது வெயில் விழ வேண்டும். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் செடி இருந்தால் இன்றைக்கே நகர்த்திவிடுங்கள்.

இரண்டையும் விட முக்கியம் கிளைகளை வெட்டிவிடுவது, அதாவது கவாத்து. குண்டுமல்லி புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். பூத்த துளிர் ஒன்றின் நுனியைக் கையில் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று மொட்டுகள் சேர்ந்து நிற்கும். நடுமொட்டு பருத்திருக்கும், அதுதான் முதலில் மலரும். பக்கத்து இரண்டும் பிறகு. முற்றிப்போன பழைய கொம்பில் இதைப் பார்க்க முடியாது. ஆளுயரச் செடி என்றால் அதில் பெரும்பகுதி பழைய கொம்புதான். வெட்டாமல் பூ வராது.

அக்கா, வெட்டச் சொல்கிறார்கள், எனக்குக் கை வரவில்லை. எப்போது, எவ்வளவு வெட்டலாம்? பட்டுப்போய்விடாதா? (விருதுநகர்)

பட்டுப்போகாது, பயப்படாதீர்கள். நவம்பர் கடைசி வாரம் சரியான சமயம். மழை ஓய்ந்த பிறகு சில நாள் தண்ணீர் குறைத்து, மண் காய்ந்ததும் வெட்டுங்கள். தரையில் இருக்கும் செடியை நிலத்திலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு மொத்தமாக வெட்டிவிடலாம். தொட்டிச் செடியைப் பாதியாகக் குறைத்தால் போதும். காய்ந்த குச்சி, நோய் பிடித்த கிளை, உள்பக்கமாக வளர்ந்து பின்னிக்கிடப்பவை எல்லாம் அடியோடு போகட்டும். மிச்சம் இருக்கும் இலைகளையும் உருவிவிடுங்கள். வெறும் குச்சியாக நிற்பதைப் பார்க்க மனசு கேட்காதுதான். அப்படியே விடுங்கள். எரு போட்டு மண்ணைக் கொத்தி, தண்ணீர் ஊற்றி வந்தால் தை மாதம் துளிர் கிளம்பும், மாசி பங்குனியில் பூ தொடங்கும். பிறகு ஆடி வரை ஓடும்.

இடையிலும் ஒரு வேலை உண்டு. ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும், பூ இருந்த இடத்துக்குக் கீழே இரண்டு கணு தள்ளி நுனியைக் கிள்ளிவிடுங்கள். அந்தக் கணுக்களில் பக்கத் துளிர்கள் வரும்.

எங்கள் வீட்டில் பிச்சியும் முல்லையும் கூட இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிவிடலாமா?

வேண்டாம். பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம்.

இலை மஞ்சளாகிறது. யாரோ சொன்னார்கள் என்று முட்டை ஓடு நொறுக்கிப் போட்டேன். மாற்றம் இல்லை. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். (நாமக்கல்)

எந்த இலை மஞ்சள் என்பதை முதலில் பாருங்கள். இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் நரம்புகளுக்கு இடைப்பகுதி வெளிறியும் இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் இருந்தால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. முட்டை ஓடும் சுண்ணாம்புதான், அதனால் அது உதவாது. அன்னபேதி உப்பை, அதாவது பெரஸ் சல்பேட்டை, லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலை மேல் தெளியுங்கள். துளிர் பச்சையாகும் வரை மாதம் ஒருமுறை செய்யலாம். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதை மல்லிகைக்குக் கொடுங்கள்.

அடி இலை மட்டும் பழுத்து உதிர்ந்தால் விஷயம் வேறு. தொட்டியின் அடித்துளையில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கியிருந்தால் வேர் அழுகத் தொடங்கியிருக்கும். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றும் பழக்கம் வையுங்கள். சித்திரை வெயிலில் தினமும் வேண்டியிருக்கும், ஐப்பசியில் பல நாள் தேவையே இருக்காது.

மொட்டு ஊதா நிறமாகி, மலராமலே உதிர்கிறது. சிலவற்றில் ஓட்டையும் இருக்கிறது. (திண்டுக்கல்)

ஒரு மொட்டைப் பிரித்துப் பாருங்கள். கருந்தலையோடு பச்சைப் புழு இருந்தால் மொட்டுப்புழு. மொட்டின் அடி வீங்கி, உள்ளே மிகச் சிறிய வெள்ளைப் புழுக்கள் இருந்தால் மொட்டு ஈ. இரண்டுக்கும் வீட்டளவில் முதல் வேலை, கெட்ட மொட்டுகளைத் தினமும் பறித்து, உதிர்ந்ததையும் பொறுக்கி, பாலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டி, வெயிலில் வைத்து அழிப்பது. செடியடியில் போட்டுவிடாதீர்கள். மொட்டு ஈயின் புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகிறது. அதனால் அடிமண்ணைக் கிளறி வெயில் காட்டுவது மருந்துக்குச் சமம். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து வாரம் ஒருமுறை மாலையில் அடியுங்கள். தலையில் வைக்கும் பூ என்பதால் கடும் பூச்சிமருந்தை வீட்டில் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மதுரை மல்லி என்று வாங்கினேன். மதுரையில் வாங்கும் பூ மாதிரி மணக்கவில்லை.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது மதுரை வட்டாரத்து மண்ணில் விளைந்த பூவுக்கு உரியது. நாற்று பெரும்பாலும் ராமநாதபுரம் பக்கம், தங்கச்சிமடம் போன்ற ஊர்களிலிருந்துதான் எல்லா இடத்துக்கும் போகிறது. ஆகவே உங்கள் செடி போலி என்று நினைக்க வேண்டாம். நல்ல வெயிலில் வைத்து, பருத்த மொட்டை விடியற்காலையில் பறித்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். மாலையில் மலரும்போது முகர்ந்து பாருங்கள். மறுநாள் காலை செடியில் விரிந்து கிடப்பதை முகர்ந்தால் பாதி மணம்தான் இருக்கும்.

விதை கிடைக்குமா?

குண்டுமல்லி பொதுவாகக் காய்ப்பதில்லை. தாழ்வான கிளையை வளைத்து, நடுவே பட்டையை லேசாகச் சீவி மண்ணில் புதைத்துப் பதியன் போடுங்கள். மழைக்காலத்தில் சுலபமாக வேர் விடும். வேர் பிடித்ததும் தாய்ச்செடியிலிருந்து வெட்டிப் பிரிக்கலாம்.

அக்கா, நாங்கள் டொராண்டோவில் இருக்கிறோம். குளிர்காலத்தில் என்ன செய்வது?

இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகும் முன்பே தொட்டியை உள்ளே கொண்டுவந்து தெற்கு ஜன்னலில் வையுங்கள். ஹீட்டர் காற்று நேராகப் படக்கூடாது. வறண்ட காற்றில் சிலந்திப்பேன் வரும், இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். தண்ணீரைக் குறைத்து, உரத்தை நிறுத்திவிடுங்கள். உங்களுக்குக் கவாத்து மார்ச்சில். மே கடைசியில் உறைபனி பயம் நீங்கிய பிறகு வெளியே வைக்கலாம், ஆனால் முதல் வாரம் அரைநிழலில் வைத்துப் பழக்குங்கள். நேராக வெயிலில் வைத்தால் இலை கருகும்.