அக்கரைப்பற்றில் டேர்ட் பைக் கடை: கணக்குக்கும் ஸ்டொக்குக்கும் என்ன மென்பொருள் வாங்கலாம்?

கேட்டவர் எழுதியது சுருக்கமாக: அக்கரைப்பற்றில் டேர்ட் பைக்குகளுக்கு உதிரிப்பாகம் விற்கிறார்கள், பின்னால் கராஜ் இருக்கிறது, இடைக்கிடை பழைய பைக் வாங்கித் திருத்தி விற்பதும் உண்டு. இவ்வளவு நாளும் எல்லாம் கொப்பியில். இப்போது மென்பொருள் ஒன்று போடலாம் என்று தேடினால் அமெரிக்க பைக் டீலர்களுக்கானவையே வந்து நிற்கின்றன. எதை எடுப்பது?

அந்த டீலர் மென்பொருள்களை விட்டுவிடுங்கள். அவை கொம்பனியின் முகவராக இருக்கும் ஷோரூமுக்குச் செய்தவை. கொம்பனியின் உதிரிப்பாக விலைப்பட்டியல் நேராக உள்ளே வந்து இறங்கும், வாரன்ரி கோரிக்கை அங்கிருந்தே போகும், பைக் வாங்குபவரின் கடன் விண்ணப்பத்தையும் அதிலேயே நிரப்பலாம். நம் கடைக்கு வருவதோ ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்து இரண்டாம் ஆயுள் வாழும் யமஹா செரோவும் ஹொண்டா பாஜாவும் சுசுகி ஜெபலும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த இடைவெளி முழுக்க இருந்த பைக்கையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். விலைப்பட்டியல் அனுப்ப நமக்கு எந்தக் கொம்பனியும் இல்லை, இருப்பது கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைக்காரரின் வாட்ஸ்அப் மட்டும்தான்.

நான் செங்கலடியில் மச்சானின் கடையில் கவுண்டரும் கணக்கும் பார்க்கிறேன். பதுளை வீதி வந்து திருகோணமலை வீதியில் ஏறும் இடம். கரடியனாறு, உன்னிச்சைப் பக்கத்து வயற்காரர், மாட்டுப்பட்டி வைத்திருப்பவர், பால் எடுக்கிறவர் எல்லோரும் இந்த வழியால்தான் வருவார்கள். உங்கள் பக்கமும் ஆட்கள் ஏறக்குறைய இதே வகைதான். அறுகம்பையில் வெள்ளைக்காரருக்கு பைக் வாடகைக்கு விடுகிறவர்கள் கூடுதலாக இருப்பார்கள், அவ்வளவுதான். அதனால் இங்கே பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

விற்பனைக்காரர் காட்டும் வண்ண வண்ண வரைபடங்களை விடுங்கள். முதலில் கேட்க வேண்டியது கடனைப் பற்றி.

"வெள்ளாமை வெட்டினாப் பிறகு தாறன் தம்பி." இந்த ஒரு வசனத்தை மென்பொருளுக்குள் போட முடியுமா என்று பாருங்கள். நம் பக்கத்தில் பைக் அதிகம் பழுதாவது மழைக்காலத்தில். நவம்பர், டிசம்பரில் சேற்றுக்குள் ஓடி வீல் பெயாரிங் போகும், காபரேட்டருக்குள் தண்ணீர் போகும், பிரேக் சூ தேய்ந்து இரும்பு உரசும். ஆனால் அந்த ஆளின் கையில் காசு வருவது பெரும்போகம் வெட்டும் பெப்ரவரி, மார்ச்சில். சிறுபோகம் என்றால் ஓகஸ்ட், செப்ரெம்பர். பொதுவான மென்பொருள்கள் எல்லாம் முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று கடனைப் பிரித்து, தாண்டியதைச் சிவப்பில் காட்டும். ஜனவரி வந்தால் திரை முழுக்கச் சிவப்பு. கொஞ்ச நாளில் அந்தச் சிவப்பை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இரண்டு போகம் தாண்டியும் தராத ஆள் அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்வார். கடை நட்டப்படுவது அவரால்தான்.

ஆகவே பில்லுக்குப் பில் வேறு வேறு தவணைத் திகதி போட முடிய வேண்டும். வயற்காரருக்கு மார்ச் கடைசி, மாதச் சம்பளக்காரருக்கு அடுத்த 25ஆம் திகதி, வாடகைக்கு பைக் விடுகிறவருக்கு சீசன் தொடங்கிய பிறகு ஒரு திகதி. ஒருவர் பத்தாயிரம் ரூபாய் கொண்டுவந்து "இதைப் போன போகத்துக் கணக்கில போடு" என்றால், எந்த பில்லில் கழிக்கிறோம் என்று தெரிவு செய்ய வேண்டும். மொத்த மீதியில் தானாகக் கழித்துவிடும் மென்பொருள் நமக்கு உதவாது. அறுவடை தொடங்கும் முன்னர் ஊர்வாரியாக, முடிந்தால் வயல் வட்டைவாரியாக, நிலுவைப் பட்டியல் அச்சடிக்க வர வேண்டும். வட்டி தானாகக் கூட்டும் வசதி இருந்தால் அதை நிறுத்தி வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். உங்கள் ஊரில் வட்டி என்ற சொல் பில்லில் வந்தாலே வாடிக்கையாளர் போய்விடுவார்.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல் ஆளும் பைக்கும். தம்பி பைக்கைக் கொண்டுவருவார், காசு கொடுப்பது அண்ணன். அடுத்த வருடம் அதே பைக் வேறு ஆளிடம் கைமாறி வரும், பைக்கின் பதிவுப் புத்தகத்தில் இன்னும் பழைய ஆளின் பெயரே இருக்கும். திருத்த வேலையின் சரித்திரம் பைக் நம்பரில் இருக்க வேண்டும், கடன் ஆளின் பெயரில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் போடச் சொல்லும் மென்பொருளில், பைக்கை வாங்கியவர் தலையில் விற்றவரின் கடன் ஏறிவிடும். அந்தச் சண்டையைத் தீர்க்க எந்த மென்பொருளும் வராது.

அடுத்தது சாமான் பட்டியல். என்னைக் கேட்டால் முழு வேலையில் பாதி இதுதான். மென்பொருளுக்குக் கொடுக்கும் காசைவிட இதற்குக் கொடுக்கும் நேரம் பெரிது.

ஒரு கிளச் பிளேட்டை எடுத்துக்கொள்வோம். "தம்பி, செரோக்குக் கிளச் பிளேட் இரிக்கா?" என்று ஒருவர் வருகிறார். எந்தச் செரோ? 225இல் ஆரம்ப மொடல் 1கேஎச், பிறகு வந்தது 4ஜேஜி. 2005இல் 250 வந்தது. யமஹாவின் பார்ட் நம்பரில் முதல் மூன்று எழுத்து, அந்தச் சாமான் முதன்முதலில் எந்த மொடலுக்காகச் செய்யப்பட்டதோ அதன் குறி. அதனால் 1கேஎச் என்று தொடங்கும் சாமான் 4ஜேஜி பைக்குக்குள்ளும் இருக்கலாம். ஹொண்டாவில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன சாமான் என்று சொல்லும், நடுவில் உள்ள மூன்று எழுத்து மொடலைச் சொல்லும். அதிலும் இதே கதைதான். போதாததற்கு கொம்பனி பழைய நம்பரை நிறுத்தி அதே சாமானுக்குப் புது நம்பர் கொடுக்கும். கொழும்பு பில்லில் வேறொரு பெயர் இருக்கும். கடைப் பெடியன் தேடுவது இன்னொரு பெயரில். மெக்கானிக்கின் வாயில் வருவது மற்றொன்று. இப்படி ஒரே கிளச் பிளேட் பட்டியலில் நான்காகப் பிரிந்து, ஒன்றில் ஸ்டொக் பூச்சியம், மற்றதில் ஆறு என்று நிற்கும். சாமான் ராக்கையில் இருக்கும்போதே "இல்லை" என்று ஆளைத் திருப்பி அனுப்புவோம்.

ஆகவே ஒரு சாமானுக்கு எத்தனை பெயரும் எத்தனை நம்பரும் வைக்க முடியும், அதில் எதைத் தட்டினாலும் அந்த ஒரே சாமான் வருமா என்று பாருங்கள். எந்தெந்த பைக்குக்குப் பொருந்தும் என்று எழுத இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் மெக்கானிக்கின் தலைக்குள் இருக்கும் அறிவெல்லாம் அந்த இடத்துக்குத்தான் வர வேண்டும். அவர் கட்டாருக்குப் போனால் கடையும் கூடவே போய்விடக் கூடாது அல்லவா. ராக்கை, லாச்சி நம்பரும் அங்கேயே இருக்கட்டும்.

பெயரைத் தமிழில் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். திரையில் அழகாக வரும். ஆனால் சின்ன பில் அச்சுப்பொறிகள் பல தமிழ் எழுத்தைக் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தள்ளும், பில்லைப் படமாக அனுப்பினால்தான் சரியாக அச்சாகும். ஆகவே வாங்கும் முன் உங்கள் கண் முன்னால் ஒரு தமிழ் பில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் கடையில் சாமான் பெயர் ஆங்கில எழுத்தில், பெடியன்கள் தட்டும் விதத்திலேயே இருக்கிறது. இலக்கணம் பார்க்கவில்லை.

அளவும் ஒரு தொல்லை. ஒயில் கானாக வாங்கி அரை லீற்றராக ஊற்றி விற்போம். பெற்றோல் ரியூப் சுருளாக வரும், அடிக்கணக்கில் போகும். ஸ்போக் செற்றாகவும் விற்கும், சேற்றுக்குள் இரண்டு உடைத்துக்கொண்டு வருபவருக்கு இரண்டாகவும் விற்கும். வாங்கும் அளவு ஒன்று, விற்கும் அளவு இன்னொன்று என்று வைக்க முடியாத மென்பொருளில் ஒரு மாதத்துக்குள் ஸ்டொக் தலைகீழாகும். வொஷர், ஸ்பிளிட் பின், பல்ப் போன்றவற்றை மட்டும் ஸ்டொக்கில் எண்ண வேண்டாம். "சில்லறைச் சாமான்" என்று ஒரு வரி பில்லில் போட்டு வாங்குங்கள். வொஷர் எண்ணப் போனால் மென்பொருளே வெறுத்துவிடும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2022இல் டொலர் இருநூறு ரூபாய்ப் பக்கத்திலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போன நேரத்தில், பழைய விலைக்கு விற்ற கடைகளுக்கு அதே சாமானைத் திரும்ப வாங்கக் காசு காணவில்லை. கவுண்டரில் சராசரிக் கொள்விலையோடு கடைசியாக வாங்கிய விலையும் தெரிய வேண்டும். ஒரு வகைச் சாமான் முழுவதற்கும் ஒரே தட்டில் விலை கூட்டவும் முடிய வேண்டும்.

கராஜ் பக்கம் ஜொப் கார்ட் வேண்டும். அதில் கூலியையும் சாமானையும் பிரித்து, எந்த மெக்கானிக் செய்த வேலை என்றும் பதிய வேண்டும், கூலியில் பங்கு கொடுப்பதென்றால் கட்டாயம். நீங்கள் பைக் வாங்கித் திருத்தி விற்பதால் ஒவ்வொரு பைக்கும் செசி நம்பரோடு தனிக் கணக்காக இருக்கட்டும். அதற்குள் போட்ட ரயர், செயின், எஞ்சின் வேலைக் கூலி எல்லாம் கொள்விலையில் அதன் தலையிலேயே ஏற வேண்டும். நல்ல லாபம் என்று நினைத்து விற்ற பைக் உண்மையில் என்ன தந்தது என்று அப்போதுதான் தெரியும்.

சரி, பெயர் சொல்கிறேன்.

டாலி (Tally) என்ற கணக்கு மென்பொருளில் நான் மேலே சொன்ன கடன் விடயம் நன்றாக நடக்கிறது. பில்லுக்குப் பில் தவணை, எந்த பில்லில் கழிப்பது என்ற தெரிவு, ஒரு சாமானுக்குப் பல மாற்றுப் பெயர், பார்ட் நம்பர், இரண்டு வகை அளவு எல்லாம் உண்டு. சொந்தக் கொம்பியூட்டரில் ஓடும், இணையம் போனாலும் பில் போடலாம். கணக்காளர்கள் பலருக்கும் பழக்கமானது. குறை என்னவென்றால் அது கணக்குக்காரரின் மென்பொருள், கவுண்டர் பெடியனுக்கு முதலில் பயமாக இருக்கும். கராஜுக்கென்று தனி ஜொப் கார்டும் இல்லை. எங்கள் கடையில் இதுதான் ஓடுகிறது. ஜொப் கார்ட் இன்னும் காபன் வைத்த அச்சுப் புத்தகம்தான், அதன் நம்பரை பில்லில் குறித்துவிடுவோம். ஒயில் கையோடு மெக்கானிக்கைக் கீபோர்ட்டில் தட்டச் சொல்ல மனம் வரவில்லை. உரிமம் இல்லாத கிராக் கொப்பி ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் வேண்டாம். கடையின் முழுக் கடனும் அதற்குள் இருக்கப் போகிறது.

ஈஆர்பிநெக்ஸ்ட் திறந்த மூல மென்பொருள், உரிமக் காசு இல்லை. கணக்கு, ஸ்டொக், தொடர் நம்பரோடு பைக் எல்லாமே அதற்குள் இருக்கிறது. ஆனால் சேர்வர் அமைத்துப் பராமரிக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும். ஐடி படித்த மகனோ மருமகளோ இருந்தால் யோசிக்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம். ஒடூ (Odoo) என்ற இன்னொரு மென்பொருளின் இலவசப் பதிப்பில் திருத்த வேலைக்கென்று தனிப் பகுதியே உண்டு, ஆனால் முழுக் கணக்கியல் காசு கட்டும் பதிப்பில்தான். லொய்வேர்ஸ் (Loyverse) என்ற பில் போடும் செயலி கைபேசியில் இலவசமாக ஓடும், இணையம் இல்லாமலும் விற்கலாம். ஹெல்மட், ஒயில் மட்டும் விற்கும் சின்னக் கடைக்குப் போதும். வெள்ளாமைக் கடனை அதில் பிடிப்பது கஷ்டம்.

உள்ளூரில் செய்து விற்கும் பில்லிங் மென்பொருள்களும் உண்டு. சில நன்றாகவே இருக்கின்றன, பிழைத்தால் ஆள் நேரில் வருவார். ஆனால் பல, பலசரக்குக் கடைக்குச் செய்ததை பெயர் மாற்றித் தருபவை. உங்கள் நிலைக்கு என் தெரிவு, கணக்காளர் பக்கத்தில் இருந்தால் டாலி. இல்லாவிட்டால் கீழே சொல்லும் சோதனையில் தேறுகிற உள்ளூர் மென்பொருள்.

வற் வரி 2024இலிருந்து 18 வீதம். பதிவு செய்ய வேண்டிய விற்பனை வரம்பு மாறக்கூடியது, உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது தேவையில்லை என்றாலும் பின்னர் போடக்கூடிய மென்பொருளாக இருக்கட்டும்.

கரண்ட் விடயத்தில் மடிக்கணினி நல்லது. 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டினார்கள், மேசைக் கொம்பியூட்டர் வைத்திருந்தவர்கள் கொப்பிக்குத் திரும்பினார்கள். இரவில் கடை பூட்டும்போது கணக்கின் பிரதி ஒன்று பென்டிரைவில் வீட்டுக்குப் போகட்டும், இன்னொன்று இணையத்தில் ஏறட்டும். கடை மேசைக்குக் கீழே வைக்கும் பிரதி பிரதியே அல்ல. 2011 ஜனவரி வெள்ளம் உங்கள் பக்கமும் வந்ததுதானே.

அந்தச் சோதனை இப்படி. மழைக்கால நாளொன்றின் கொப்பிப் பக்கத்தை அப்படியே எடுத்து வையுங்கள். விற்பனைக்காரரின் மாதிரித் தரவில் அல்ல, அந்தப் பக்கத்தில் இருப்பதை உங்கள் பெடியன் கையால் போடச் சொல்லுங்கள். அரை லீற்றர் ஒயில், இரண்டு ஸ்போக், பாதிக் காசும் மீதி மார்ச்சிலுமாக ஒரு கிளச் செற், பொருந்தாமல் மறுநாள் திரும்பி வந்த கேபிள், அண்ணன் கணக்கில் தம்பியின் பைக். விற்பனைக்காரர் எங்கெல்லாம் "அதைப் பிறகு செய்து தரலாம்" என்கிறாரோ அதை அவரைக் கொண்டே ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். வருடாந்தப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, அதைக் கட்டாவிட்டால் மென்பொருள் பூட்டிக்கொள்ளுமா, சாமான் பட்டியலையும் கடன் பட்டியலையும் எக்செல் கோப்பாக நானே எந்த நேரமும் எடுக்கலாமா என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் இழுத்தடித்தால் மற்றவை எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காசைக் கொடுக்க வேண்டாம்.