‘ஓவர்மொறோ’ ஷேக்ஸ்பியரில் இல்லை

உயர்தர ஆங்கில இலக்கியக் கட்டுரையில் ‘ஓவர்மொறோ’ (overmorrow, நாளை மறுநாள்) ஷேக்ஸ்பியரின் சொல் என்று எழுதலாமா, வரி அகப்படவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். எழுதாதேங்கோ. அவர் அதைக் கையாளவே இல்லை. முகநூலில் சுற்றும் படங்களை நம்பினால் புள்ளிதான் போகும்.

நாளையிண்டைக்கு என்ற பொருளில் அது வருவது மைல்ஸ் கவர்டேலின் 1535 ஆங்கில வேதாகமத்தில், தோபித்து ஆகமம் 8:4. மணமான இரவில் தோபியா சாராவை எழுப்பி, இன்றும் நாளையும் மறுநாளும் செபிப்போம் என்கிறான். இணையத்தில் தேடும்போது ‘வி’ போட்டால் கிடைக்காது. அக்கால அச்சில் சொல்லின் நடுவே ‘வி’க்குப் பதில் ‘யூ’தான். ‘மொறோ’வில் ‘ஆர்’ ஒன்றாகவும் இரண்டாகவும் போட்டுப் பாருங்கோ. 1611 ஜேம்ஸ் அரசர் பதிப்பைப் புரட்டிப் பயனில்லை. அது கிரேக்கத்தைப் பின்பற்றியது, அந்த வசனத்தில் மூன்று நாள் கணக்கே இல்லை. இலத்தீன் பாடத்தில்தான் அது உண்டு.

ஷேக்ஸ்பியரே வேண்டுமென்றால் ‘ஹியராஃப்டர்’ (hereafter, இனிமேல்) எடுங்கோ. மக்பெத் 1ஆம் அங்கம் 3ஆம் காட்சியில் சூனியக்காரி அரசனாவாய் என்று ஆசை காட்டும் சொல் அது. 5ஆம் அங்கம் 5ஆம் காட்சியில், மனைவி இறந்த செய்தி கேட்டதும் அதே சொல் மக்பெத்தின் வாயில் வருகிறது: பிறகு செத்திருக்கலாம் என்றா, எப்படியும் ஒருநாள் செத்திருப்பாள் என்றா? இரண்டு வாசிப்பையும் எழுதுங்கோ.