ஜப்பானியத் தோழி தலையாட்டினால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்

"எது சொன்னாலும் தலையாட்டுகிறாள், அப்புறம் வேறு மாதிரி நடந்துகொள்கிறாள். ஜப்பான்காரர்கள் எல்லாருமே உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுகிறவர்களா?" என்று விடுதியில் உங்களோடு தங்கியிருக்கும் பரிமாற்ற மாணவியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இதே குற்றச்சாட்டை என் தோழி மேல் சுமத்தியதை நேரில் பார்த்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் போஹும் நகரில் நான் முதுகலை படித்தபோது, ஜப்பானின் ஃபுகுவோகாவிலிருந்து பரிமாற்றத்தில் வந்த பெண் பக்கத்து அறையில் இருந்தாள். எங்கள் தளத்துக்கு ஒரே சமையலறை. அதன் சுவரை ஒட்டியது அவள் அறை. ஒரு நாள் எங்கள் தளத்து ஜெர்மன் பையன், வியாழக்கிழமை இரவு பிறந்தநாள் விருந்தை அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று அவளிடம் கேட்டான். அவன் பேசப் பேச இவள் "யா... யா..." என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அவன் முடித்ததும், "வியாழக்கிழமை... கொஞ்சம்..." என்று இழுத்து நிறுத்தினாள். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டான். இவளுக்கோ வெள்ளிக்கிழமை காலையில் ஜெர்மன் மொழித் தேர்வு.

புதன்கிழமை மாலை முகம் வெளிறிப்போய் என் அறைக்கு வந்தாள். நான் போய் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஆமாம் ஆமாம் என்றாளே! முடியாது என்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே" என்று அவனுக்குக் கோபம். அவன் பக்கமிருந்து பார்த்தால் நியாயம்தான். ஆனால் நான் அங்கேயே நின்றுகொண்டு பார்த்தவள். அவள் சம்மதம் சொல்லவே இல்லை, உம் கொட்டிக்கொண்டிருந்தாள்.

பாட்டி கதை சொல்லும்போது நாம் "ம்... ம்..." என்று சொல்லாவிட்டால், "தூங்கிட்டியா?" என்று கேட்பார் இல்லையா? ஜப்பானில் இந்தப் பழக்கம் சாதாரணப் பேச்சிலேயே ஊறியிருக்கிறது. எதிரில் இருப்பவர் பேசும்போது இடையிடையே "ஹாய்" (ஆமாம்), "உன்" (ம்) என்று சொல்லித் தலையாட்டினால்தான் கவனித்துக் கேட்கிறோம் என்று அர்த்தம். சொன்னதற்கு ஒப்புக்கொண்டோம் என்று அர்த்தமில்லை. அதேபோல, "கொஞ்சம்..." என்று இழுத்து வாக்கியத்தை அந்தரத்தில் விட்டால் அது மறுப்பு. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் "பார்க்கலாம்" என்று சொல்லும் மாமாவுக்கு நாம் இலை போட்டு வைப்பதில்லையே. அவரை யாரும் பொய்யர் என்று சொல்வதும் இல்லை.

விருந்து சனிக்கிழமைக்கு மாறியது. அவளும் வந்து கலந்துகொண்டாள்.

ஜப்பானில் நேரடியாகப் பேசுகிறவர்களே இல்லையா, ஒரு பெண்ணை வைத்து ஒரு நாட்டையே அளக்கிறாயா என்று யாராவது கேட்பீர்கள். இருக்கிறார்கள், தாராளமாக இருக்கிறார்கள். நான் பழகிய பெண்ணையும் அவள் வழியாகத் தெரிந்துகொண்டதையும் மட்டும்தான் சொல்கிறேன்.

வகுப்பிலும் அவள் அதிகம் பேச மாட்டாள். ஏன் என்று கேட்டபோது அவள் சொன்ன காரணம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஜப்பானிய மொழியில் வினை கடைசியில்தான் வரும். வருவாரா மாட்டாரா என்பது அந்த வினையின் வாலில்தான் தெரியும், நம் "வருவேன்", "வரமாட்டேன்" போல. அதனால் எதிராளி முடிக்கும்வரை காத்திருப்பதே அவளுக்குப் பழக்கம். ஜெர்மன் வகுப்பிலோ ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் நுழைந்துவிடுவார். இவள் வாய் திறப்பதற்குள் பேச்சு நாலு பேரைத் தாண்டிப் போயிருக்கும்.

அவளுக்குத் தமிழ்மேல் ஆசை வந்ததும் இப்படித்தான். "தபெதே மிரு" என்று ஒரு வாக்கியம் சொன்னாள். தபெதே என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார்க்கிறேன். சாப்பிட்டுப் பார்க்கிறேன்! "கத்தே ஒகு" என்றால் வாங்கி வைக்கிறேன். ஜெர்மன் பாடத்தில் மாதக்கணக்கில் திணறியவள், தமிழில் இந்த மாதிரி வாக்கியங்களை ஒரே மாலையில் பத்து பதினைந்து கட்டிவிட்டாள். உடனே "தமிழிலிருந்து பிறந்ததுதான் ஜப்பானிய மொழி" என்று கிளம்ப வேண்டாம். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று பல வருடம் வாதாடினார், உண்மை. ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வினை கடைசியில் வரும் இந்த அமைப்பு கொரிய மொழியிலும் துருக்கி மொழியிலும்கூட இருக்கிறது. உறவு இருக்கிறதோ இல்லையோ, வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்த ஒரு பெண்ணுக்கு அன்று சாயங்காலம் ஒரு மொழி எளிதாக வந்தது. எனக்கு அது போதும்.

பழக்கங்களில் அவளை ரொம்பவும் படுத்தியது மூக்கு. ஜனவரி மாதக் குளிரில், நடத்திக்கொண்டிருந்த பாடத்தை நிறுத்திவிட்டுப் பேராசிரியர் துணிக் கைக்குட்டையை எடுத்து, அறை அதிர மூக்கைச் சிந்தி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். இவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஜப்பானில் நாலு பேர் முன்னால் மூக்கைச் சிந்துவது அநாகரிகம், உறிஞ்சிக்கொண்டு சமாளிப்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த வாரம் இவளுக்குச் சளி பிடித்து, ஒன்றரை மணி நேர வகுப்பு முழுக்க உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கைப் பெண் முகம் சுளித்து ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினாள். இரண்டு பேருமே ஒழுக்கமாக வளர்ந்த பெண்கள்தான்.

எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போனது நிறைய. இருவருமே வாசலில் செருப்பைக் கழற்றுவோம். அங்கே சிலர் பிளாஸ்டிக் பையோடு அரிசியைக் கொதிநீரில் போடுவதைப் பார்க்க இருவருக்குமே பொறுக்காது. வந்த முதல் வாரமே கட்டிலை இழுத்துத் திருப்பிப் போட்டாள். வடக்கே தலை வைத்துப் படுக்கக்கூடாதாம், இறந்தவர்களைத்தான் அப்படிக் கிடத்துவார்களாம். நான் வந்ததுமே என் கட்டிலையும் அதே காரணத்துக்காகத்தான் திருப்பியிருந்தேன். ஜெர்மனியிலேயே ஹம் நகரில் ஈழத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயிலுக்குத் தேர்த் திருவிழாவுக்கு அழைத்துப்போனேன். சொல்லிக்கொடுக்காமலே காலணியைக் கழற்றினாள், கை கழுவ எங்கே தண்ணீர் என்று தேடினாள். அங்கே இருந்த அம்மாக்கள் "பிள்ளை" என்று கூப்பிட்டுச் சோறு போட்டார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நாங்கள் படித்த போஹும் நகரில் இந்திய மாணவர் கூட்டம் ஒன்று இருந்தது. போனால் எல்லாம் இந்தியில்தான் நடக்கும். புரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னால், "இந்தியாவிலிருந்து வந்துவிட்டு இந்தி தெரியாதா?" என்று கேட்பார்கள். ஜப்பான்காரிக்கு என் மொழியைத் தெரிந்துகொள்ள இருந்த ஆர்வத்தில் கால்வாசிகூட என் நாட்டுக்காரர்களுக்கு இல்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பெண்ணைக் கோழை என்றோ கள்ளி என்றோ நினைக்காதீர்கள். 2004-ல் சுமார் 83,000 ஜப்பானியர் வெளிநாட்டில் படித்தார்கள். பிறகு எண்ணிக்கை சரிந்ததால், அரசும் நிறுவனங்களும் சேர்ந்து 2014 முதல் தனி உதவித்தொகை கொடுத்து மாணவர்களை அனுப்ப வேண்டியிருந்தது. முக்கியமான ஒரு காரணம் வேலை. மூன்றாம் ஆண்டிலேயே வேலை தேடும் ஓட்டம் தொடங்கிவிடும். படிப்பு முடிந்த கையோடு ஏப்ரல் 1 அன்று பெரும்பாலோர் ஒன்றாக வேலையில் சேர்வார்கள். அந்த வரிசையிலிருந்து விலகி ஒரு வருடம் வெளியே வருவதற்குத் துணிச்சல் வேண்டும்.

ஒன்று செய்யுங்கள். எல்லார் முன்னிலையிலும் கேட்காமல் தனியாக இருக்கும்போது கேளுங்கள். "சரிதானே?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "வியாழனா, சனியா, உனக்கு எது வசதி?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் யோசித்துச் சொல்லும்வரை நீங்கள் பேசாமல் இருங்கள். இழுத்தால் அது "வேண்டாம்" என்று எடுத்துக்கொண்டு வேறு நாள் சொல்லுங்கள்.