பேஞ்சா பேயும்

கேள்வி: டாட்டாலஜி என்பது நன்னூல் சொல்லும் ‘கூறியது கூறல்’ குற்றம்தானே? தர்க்கத்தில் மட்டும் அதற்கு ஏன் மரியாதை? செல்லும் வாதத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
(கல்லூரி மாணவி, பெருந்துறை)

பதில்: பெருந்துறையில் உட்கார்ந்துகொண்டு நன்னூலை இழுத்துவிட்டீர்கள். அதை எழுதிய பவணந்தி முனிவர் உங்களுக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர். பாயிரத்தில் வரும் ‘சனகை’ என்ற ஊர் மைசூர்ப் பக்கம், அவர் அங்கத்துக்காரர் என்று ஒரு கூட்டம் சாதிக்கும். அவர்களோடு எனக்கு இருபது வருஷச் சண்டை. இருக்கட்டும், அப்புறம் வருகிறேன்.

அவர் அடுக்கிய பத்துக் குற்றங்களில் கூறியது கூறல் மூன்றாவது. ‘நடு சென்டர்’, ‘கேட்டுக் கதவு’ எல்லாம் அதில் சேர்த்தி. (வாரம் ஒரு ‘நடு சென்டர்’ என் மேஜைக்கு வருகிறது. அடிக்க அடிக்க முளைக்கிறது.) தர்க்கத்தின் டாட்டாலஜி வேறு சரக்கு. எங்கள் அப்புச்சியிடம் “மழை வருங்களா?” என்று கேட்டால் வானத்தைப் பார்ப்பார், துண்டை உதறுவார், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். பிறகு, “பேஞ்சா பேயும், இல்லீன்னா பேயாது” என்பார். ஒருநாளும் தப்பியதில்லை. கடலை போடும் முன் அவரிடம் கேட்டுப் போன சம்சாரிகள் உண்டு! மழை வந்தாலும் வராவிட்டாலும் அந்த வாக்கு பலிக்கும். அதனாலேயே மழையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைனும் 1921-ல் இதே மழையை வைத்து இதையேதான் சொன்னார், வெற்றிலை இல்லாமல்.

வாதம் ‘செல்லும்’ என்றால் சரக்கு நல்லது என்று அர்த்தமில்லை. ஊத்துக்குளி வெண்ணெய் எல்லாம் கறுப்பு. என் கிண்ணத்தில் இருப்பது ஊத்துக்குளி வெண்ணெய். ஆகவே இது கறுப்பு. பொய்தான், ஆனால் வாதம் செல்லும். முதலிரண்டும் மெய்யாகவும் முடிவு மட்டும் பொய்யாகவும் இருக்க வழியே கிடையாது.

செல்லாததையும் பாருங்கள். மழை பெய்தால் வாசல் நனையும், வாசல் நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது. மழை உண்டு-இல்லை, நனைவு உண்டு-இல்லை என்று அட்டவணை போட்டால் 4 வரிசை. ‘மழை இல்லை, வாசல் ஈரம்’ என்ற வரிசையில் மாட்டிக்கொள்ளும்: அம்மாயி சாணி தெளித்திருக்கிறார். நீங்கள் கேட்ட சம்பந்தம் இங்கேதான். முன்கூற்றுகளை, அதாவது ‘ஆகவே’வுக்கு முன் வருபவற்றை, ‘உம்’ போட்டுக் கோத்து, ‘என்றால்’ போட்டு முடிவோடு கட்டுங்கள். அந்த நீள வாக்கியம் எல்லா வரிசையிலும் மெய்யானால், அதாவது டாட்டாலஜியானால், வாதம் செல்லும். இப்படி அட்டவணையில் அடங்கும் வாதத்தில் ஒரு வரிசை சறுக்கினாலும் செல்லாது.

இப்போது சனகை. பவணந்தி சீனாபுரத்தவர் என்றால் அங்கே சமணக் கோயில் இருக்க வேண்டும். ஆதிநாதர் கோயில் இருக்கிறது. ஆகவே அவர் சீனாபுரத்தவர். இருபது வருஷமாக நான் முழங்கிவந்த வாதம் இது. மேலே வாசல் நனைந்த அதே கதை என்று இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. மைசூர்க் கட்சி துள்ள வேண்டாம். வாதம் செல்லாவிட்டால் முடிவும் பொய் என்று எந்தத் தர்க்கமும் சொல்லவில்லை. அவர் எங்கள் ஊர்க்காரர்தான்.