வைரஸ் தெரியவில்லை என்றால் மாத்திரையை நிறுத்தலாமா?

இரண்டு வருடமாக ரிப்போர்ட்டில் 'கண்டறிய இயலவில்லை' என்றே வருகிறது, அர்ஜென்டினா பெண்ணைப் போல எனக்கும் எச்ஐவி தானாகக் குணமாகியிருக்குமோ, மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அவர் கதை வேறு. கர்ப்பகாலம் தவிர மருந்தே எடுக்காதவர். 100 கோடிக்கும் மேலான ரத்த செல்களில் தேடியும் முழு வைரஸ் ஒன்றுகூடச் சிக்கவில்லை என்று 2021-ல் அறிவித்தார்கள். எப்படி என்பது இன்னும் பிடிபடவில்லை.

உங்களுக்கு வைரஸை அடக்கி வைத்திருப்பது மாத்திரைதான். வைரஸ் செல்லின் மரபணுவுக்குள்ளேயே புகுந்து தூங்கும், வழக்கமான டெஸ்டில் தெரியாது. அமெரிக்காவின் மிசிசிப்பியில் எச்ஐவியோடு பிறந்த ஒரு குழந்தை, மருந்தை நிறுத்திய பிறகும் 2 வருடத்துக்கு மேல் நன்றாக இருந்தது. 2014-ல் வைரஸ் திரும்பிவிட்டது. அதைப் படித்த அன்று மனசே ஆறவில்லை.

அப்புறம், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மருந்துக்கு மாற்றலாம்.